வணிகப் பள்ளி பிஎச்டி விண்ணப்பம்: முதலில் ஒரு கேள்வி வேண்டும்

முதல் முறை ஒன்பது வணிகப் பள்ளிகளுக்கு விண்ணப்பித்தேன். ஒன்பதும் மறுத்துவிட்டன. நேர்காணல் அழைப்புகூட ஒன்றும் வரவில்லை. அடுத்த வருடம் ஏழு பள்ளிகளுக்கு மட்டும் அனுப்பினேன். மூன்று நேர்காணல், இரண்டு இடங்களில் அனுமதி. நடுவில் என் பட்டப்படிப்பு மதிப்பெண் மாறவில்லை. ஜிமேட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் பழையதுதான். வேலை அனுபவம் ஒரு வருடம் கூடியிருந்தது, அவ்வளவே. ஆனால் இரண்டாம் முறை என்னிடம் ஒரு கேள்வி இருந்தது. விண்ணப்பத்தில் இருந்த எல்லாமே அந்தக் கேள்வியைச் சுற்றி நின்றது.

இப்போது கணக்கியல் துறையில் ஐந்தாம் வருட ஆய்வு மாணவி. ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் பிறந்ததும், விண்ணப்பிக்கப் போகிறவர்கள் அனுப்பும் வரைவுகளைப் படித்துக் கருத்துச் சொல்கிறேன். இதுவரை நாற்பதுக்கு மேல் படித்திருப்பேன். பெரும்பாலானவற்றில் முதல் வருடத்து என்னையே பார்க்கிறேன். நல்ல மதிப்பெண், நல்ல வேலை, உண்மையான ஆசை எல்லாம் இருக்கும். இவர் எதை ஆராய நினைக்கிறார் என்பது மட்டும் இருக்காது. இவ்வளவு தகுதி உள்ளவர்கள் இந்த ஒரு குறையால் ஒரு வருடத்தை இழப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

எதற்கு விண்ணப்பிக்கிறோம்

எம்பிஏ ஒரு நிறுவனத்தை நடத்தக் கற்றுத் தருகிறது. நிறுவனங்களும் சந்தைகளும் அவற்றுக்குள் இருக்கும் மனிதர்களும் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராயக் கற்றுத் தருவது பிஎச்டி. டிபிஏ என்ற பட்டமும் உண்டு. அது பெரும்பாலும் வேலையில் இருந்துகொண்டே, தங்கள் அனுபவத்தில் கண்ட நடைமுறைச் சிக்கலை ஆராய விரும்பும் மூத்த நிர்வாகிகளுக்கானது. பதவி உயர்வோ ஆலோசகர் வேலையோ உங்கள் இலக்கு என்றால், பிஎச்டி அதற்குச் சுற்றுவழி. ஐந்து வருடம் பெரிய காலம்.

வட அமெரிக்க முறையில் முதல் இரண்டு வருடம் பாடங்கள், அதன் முடிவில் ஒரு தகுதித் தேர்வு, பிறகு ஆய்வேடு. பிரிட்டன் முறையில் மூன்று நான்கு வருடம். அங்கே ஆய்வுத் திட்டத்தை விண்ணப்பத்தோடே கேட்பார்கள், பெரும்பாலும் வழிகாட்டியும் முன்கூட்டியே முடிவாக வேண்டியிருக்கும். நல்ல பள்ளிகளில் படிப்புக் கட்டணம் கிடையாது. உதவித்தொகையும் தருவார்கள். பதிலுக்கு ஆராய்ச்சியிலும் கற்பித்தலிலும் பேராசிரியர்களுக்கு உதவ வேண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பள்ளி உங்களிடம் கட்டணம் வாங்கவில்லை, உங்கள் மேல் செலவு செய்கிறது. ஐந்து வருடம் செலவு செய்தபின் இவர் நல்ல ஆய்விதழில் எழுதுவாரா, வேறொரு பள்ளியில் ஆசிரியராகச் சேர்வாரா என்பதுதான் கோப்பைப் புரட்டுகிறவரின் மனதில் ஓடும். ஒரு துறை ஒரு வருடத்துக்கு இரண்டு மூன்று பேரைத்தான் எடுக்கும். அந்த இரண்டு பேரில் ஒருவராக உங்களை நினைத்துப் பார்க்க அவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும்.

அப்புறம், விண்ணப்பம் பள்ளிக்குப் போவது போலத் தெரிந்தாலும் முடிவு செய்வது துறை. கணக்கியல், நிதி, சந்தைப்படுத்தல், மேலாண்மை, தகவல் அமைப்புகள், செயல்பாட்டு மேலாண்மை என்று ஒவ்வொன்றும் தனி உலகம். ஒரே துறைக்குள்ளும் பிரிவுகள் இருக்கும். சந்தைப்படுத்தலில் ஒரு பக்கம் நுகர்வோரின் மனதைச் சோதனைகள் வழியாகப் பார்ப்பவர்கள், இன்னொரு பக்கம் கணித மாதிரிகள் கட்டுபவர்கள். மேலாண்மையில் தனிமனிதரையும் சிறு குழுவையும் ஆராய்பவர்கள் ஒரு பிரிவு, நிறுவனங்களின் உத்தியை ஆராய்பவர்கள் இன்னொரு பிரிவு. முன்னவர் உளவியல் படிக்க வேண்டியிருக்கும், பின்னவருக்குப் பொருளியலும் சமூகவியலும் வேண்டும். நீங்கள் எந்தப் பக்கம் என்று உங்கள் விண்ணப்பமே சொல்ல வேண்டும்.

தெரியவில்லையா? ஒரு வாரம் ஒதுக்குங்கள். கணக்கியல் என்றால் தி அக்கவுண்டிங் ரிவ்யூ, நிதி என்றால் ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸ், சந்தைப்படுத்தல் என்றால் ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங் ரிசர்ச் அல்லது ஜர்னல் ஆஃப் கன்ஸ்யூமர் ரிசர்ச், மேலாண்மை என்றால் அகாடமி ஆஃப் மேனேஜ்மென்ட் ஜர்னல், தகவல் அமைப்புகள் என்றால் எம்ஐஎஸ் குவார்ட்டர்லி. அண்மை இதழ் ஒன்றை எடுத்து, மூன்று கட்டுரைகளின் முன்னுரையை மட்டும் முழுசாகப் படியுங்கள். முதல் கட்டுரை தலைக்கு மேல் போகும், பரவாயில்லை. மூன்றாவதில் "இவர் சொல்வது சரிதானா, வேறு காரணம் இருக்கலாமே" என்று மனம் வாதாட ஆரம்பித்தால் அந்தத் துறை உங்களுக்கு ஒத்துவரும். மூன்றும் அலுப்பாகவே இருந்தால் வேறு துறையைப் பாருங்கள், அல்லது பிஎச்டி வேண்டுமா என்றே யோசியுங்கள். அடுத்த ஐந்து வருடம் அன்றாட வாசிப்பே இதுதான்.

கேள்வி எங்கிருந்து வருகிறது

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், மற்ற எல்லாம் இதைத்தான் நம்பியிருக்கிறது.

நான் ஆறு வருடம் தணிக்கை வேலை பார்த்தவள். 2016 டிசம்பர் 15 அன்றோ அதற்குப் பிறகோ முடியும் நிதியாண்டுகளிலிருந்து ஐஎஸ்ஏ 701 என்ற சர்வதேசத் தணிக்கைத் தரம் நடைமுறைக்கு வந்தது. பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனத்தின் தணிக்கை அறிக்கையில், அந்த வருடம் தணிக்கையாளர் எதெதில் அதிகக் கவனம் செலுத்த வேண்டியிருந்தது என்று தனியாக எழுதச் சொன்னது அது. முதல் வருடம் எங்கள் குழு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மணிக்கணக்காக உட்கார்ந்தது. இரண்டாம் வருடம் பழைய கோப்பைத் திறந்தோம், ஆண்டையும் தொகைகளையும் மாற்றினோம், மூடினோம். மூன்றாம் வருடமும் அப்படியே. அந்த நிறுவனத்தின் தொழிலில் எவ்வளவோ மாறியிருந்தது, எங்கள் பத்தி மட்டும் மாறவில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

முதல் முறை விண்ணப்பித்தபோது இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. இதெல்லாம் அலுவலகச் சங்கதி, ஆராய்ச்சிக்கு இதைவிடப் பெரிதாக ஏதாவது வேண்டும் என்று நினைத்தேன். ஒன்பது மறுப்பும் வந்தபின், எனக்கு முதுகலையில் பாடம் எடுத்த பேராசிரியையிடம், ஏன் ஆராய வருகிறேன் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தந்த நோக்க அறிக்கையைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "எல்லாம் சரிம்மா, இதில் நீ கேட்கிற கேள்வி எங்கே?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பழைய பத்தியைப் பற்றிச் சொன்னேன். "இதை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டார்.

அதற்கப்புறம் நான்கு மாதம் படித்தேன். நிர்வாகம் எழுதும் ஆண்டறிக்கைப் பகுதி வருடத்துக்கு வருடம் எவ்வளவு மாறுகிறது என்று பிரவுன், டக்கர் இருவரும் 2011இல் ஜர்னல் ஆஃப் அக்கவுண்டிங் ரிசர்ச்சில் அளந்திருந்தார்கள். ஆண்டறிக்கையின் எழுத்து மாறினால் அதில் பின்னால் வரும் பங்கு விலைக்கான அறிகுறி இருக்கிறது, முதலீட்டாளர்கள் அதை உடனே கவனிப்பதில்லை என்று கோஹென், மல்லாய், நுயென் மூவரும் 2020இல் ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸில் காட்டியிருந்தார்கள். முதலில் பயந்தே போனேன். என் யோசனையை ஏற்கெனவே செய்துவிட்டார்களே! இந்தப் பயம் எல்லோருக்கும் வரும். இதைச் சொல்லி எனக்கு வரும் மின்னஞ்சல்களுக்கு ஒரே பதில்தான்: வாழ்த்துகள், உங்கள் கேள்வி உயிருள்ளது. பெரிய ஆய்வாளர்கள் நேரம் செலவிட்ட கேள்வியைத் தானாகவே தொட்டிருக்கிறீர்கள். இனி அவர்கள் விட்ட இடத்தைத் தேடுங்கள்.

நான் தேடிக் கண்டது இது. அந்தக் கட்டுரைகளில் எழுதுவது நிர்வாகம். என் பத்தியை எழுதுவது தணிக்கையாளர். நிர்வாகம் கெட்ட செய்தியை மறைக்கப் பார்க்கலாம். தணிக்கையாளர் வழக்கு வருமோ என்று பயந்து புதிதாக எதையும் எழுதாமல் இருக்கலாம். ஒரே மாதிரி எழுத்துதான், காரணம் வேறு. சரி, சோம்பலால் மாறாத எழுத்தையும், மாற ஒன்றுமே இல்லாததால் மாறாத எழுத்தையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஒரே நிறுவனத்தின் தணிக்கைக்குப் பொறுப்பான பங்குதாரர், அதாவது தணிக்கை நிறுவனத்தின் பார்ட்னர், குறிப்பிட்ட வருடங்களுக்கு மேல் தொடரக் கூடாது என்று பல நாடுகளில் விதி இருக்கிறது. அமெரிக்காவில் அது ஐந்து வருடம். அந்த மாற்றம் நிறுவனத்தில் ஏதோ நடந்ததால் வருவதில்லை, கெடு முடிந்ததால் வருகிறது. ஆள் மாறிய வருடத்தில் எழுத்து திடீரென்று மாறினால், அதுவரை மாறாமல் இருந்ததில் ஒரு பங்காவது பழக்கத்தால் என்று சொல்ல இடம் கிடைக்கிறது. இந்த யோசனை வந்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

உங்கள் கேள்வியையும் இப்படித்தான் நெருக்கிப் பாருங்கள். விடை இரண்டு பக்கமும் வர வாய்ப்பு இருக்கிறதா? "ஊழியர்களை நன்றாக நடத்தினால் உற்பத்தி கூடுமா" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள், அதில் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. விடை தெரிந்தால் யார் எதை மாற்றிச் செய்வார்கள்? எந்தத் தரவு வேண்டும், அது எங்கே இருக்கிறது? நீங்கள் எதிர்பார்க்கும் முடிவு வந்தாலும் அதற்கு வேறு விளக்கம் இருக்குமா? கடைசிக் கேள்விக்கு "இருக்கும், இன்னின்ன" என்று சொல்லத் தெரிந்தவர் பாதி ஆய்வாளர் ஆகிவிட்டார்.

எனக்கு வரும் வரைவுகளில் பெரும்பாலும் தலைப்புதான் இருக்கும், கேள்வி இருக்காது. "செயற்கை நுண்ணறிவும் சந்தைப்படுத்தலும்" தலைப்பு. "தன்னிடம் பேசுவது இயந்திரம் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர் புகாரைக் கடுமையாகச் சொல்கிறாரா, மென்மையாகச் சொல்கிறாரா" என்பது கேள்வி. கேள்விக்குறி போட முடியாத வாக்கியமாக இருந்தால் இன்னும் வேலை பாக்கி.

சேர்ந்தபின் இதே கேள்வியைத்தான் ஆராய வேண்டுமா என்று பலர் தயங்குகிறார்கள். வட அமெரிக்க முறையில் அப்படிக் கட்டாயம் ஏதும் இல்லை. என் ஆய்வேடு இன்று வேறொரு பொருளில் இருக்கிறது. உங்களால் ஒரு கேள்வியை உருவாக்க முடியும் என்பதற்கான சாட்சி மட்டும்தான் அது.

நோக்க அறிக்கை

என் முதல் வருட அறிக்கை இப்படித் தொடங்கியது:

"சிறு வயதிலிருந்தே எண்களின் மேல் எனக்குத் தீராத ஆர்வம். தணிக்கைத் துறையில் பெற்ற ஐந்தாண்டு அனுபவமும் தலைமைப் பண்பும் என்னை முனைவர் பட்ட ஆராய்ச்சிக்குத் தயார்ப்படுத்தியுள்ளன."

இரண்டாம் வருடம் இப்படி:

"ஒரு நிறுவனத்தின் தணிக்கை அறிக்கையில் நான் எழுதிய ஒரு பத்தி, மூன்று வருடம் ஏறக்குறைய ஒரு சொல்லும் மாறாமல் வெளிவந்தது. அந்த மூன்று வருடத்தில் அந்த நிறுவனம் தன் முக்கியத் தொழில் ஒன்றை விற்றிருந்தது. மாறாத எழுத்து வாசகருக்கு எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்று அறிய விரும்புகிறேன்."

முதலாவதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பெயரை எடுத்துவிட்டால் அது நூறு பேருக்குப் பொருந்தும். இரண்டாவது என் ஒருத்திக்கு மட்டும்தான்.

இரண்டு பக்கம் போதும். பள்ளி வேறு அளவு சொல்லியிருந்தால் அதைத் தாண்டாதீர்கள். முதல் பத்தியில் கேள்வி, அடுத்து அதைப் பற்றி இதுவரை தெரிந்தது, நீங்கள் பார்க்கும் இடைவெளி, அதை எப்படி அணுகுவீர்கள். இதுவே ஒரு பக்கத்துக்கு மேல் வரும். பிறகு அதற்கான தயாரிப்பு: படித்த கணிதம், தெரிந்த நிரல்மொழி, செய்த சிறு ஆய்வு. பிறகு ஏன் இந்தத் துறை. கடைசியில், ஆராய்ச்சி செய்யும் பேராசிரியராக வேண்டும் என்பதுதான் உங்கள் விருப்பம் என்றால் அதை நேராக எழுதுங்கள். கூச்சப்பட வேண்டாம், அதைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

"ஏன் இந்தத் துறை" பத்தியில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வலைப்பக்கத்திலிருந்து நான்கு பேராசிரியர் பெயரை எடுத்து அடுக்குவார்கள். அதில் ஒருவர் வேறு பள்ளிக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருக்கும். இரண்டே பேர் போதும். அவர்களின் அண்மைக் கட்டுரையைப் படித்து, அது உங்கள் கேள்வியை எங்கே தொடுகிறது என்று இரண்டு வாக்கியம் எழுதுங்கள். எழுதி முடித்தபின் பள்ளியின் பெயரை மாற்றிப் படித்துப் பாருங்கள். அப்போதும் பொருள் சரியாகவே வந்தால் அந்தப் பத்தியைத் திரும்ப எழுத வேண்டும்.

ஏதாவது ஒரு பருவத்தில் மதிப்பெண் சரிந்திருந்தால் இரண்டு வரியில் காரணத்தையும் பிறகு எப்படி மீண்டீர்கள் என்பதையும் சொல்லி நகருங்கள். மன்றாட வேண்டியதில்லை.

தேர்வும் கணிதமும்

ஜிமேட் அல்லது ஜிஆர்இ, பெரும்பாலான பள்ளிகள் இரண்டில் எதையும் ஏற்கும். இன்றைய ஜிமேட் 2023 நவம்பரில் வந்த வடிவம்: மூன்று பகுதி, இரண்டே கால் மணி நேரம், மதிப்பெண் 205 முதல் 805 வரை. பழைய தேர்வின் 700ஐ இதோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். அதற்கு இணையானது புதியதில் 645 அளவில் வரும். ஜிஆர்இயும் 2023 செப்டம்பரில் சுருங்கி இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிறது. கணிதத்துக்கும் மொழிக்கும் தனித்தனியாக 130 முதல் 170 வரை. இரண்டின் மதிப்பெண்ணும் ஐந்து வருடம் செல்லும். ஆங்கிலத் தேர்வுகளான டோஃபலும் ஐஇஎல்டிஎஸும் இரண்டு வருடம்தான், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் கதவைத் திறக்கும், உள்ளே உட்கார வைக்காது. ஓரளவு நல்ல மதிப்பெண் வந்துவிட்டால், மூன்றாவது முறை எழுதும் நேரத்தைக் கணிதப் பாடத்துக்குக் கொடுங்கள். நேரியல் இயற்கணிதம், பல மாறி நுண்கணிதம், நிகழ்தகவு, புள்ளியியல், பொருளளவியல் (எகனாமெட்ரிக்ஸ்) ஆகியவை எல்லாத் துறைக்கும் உதவும். நிதி, பொருளியல் சார்ந்த கணக்கியல் என்று போகிறவர்கள் மெய்ப்பகுப்பாய்வும் (ரியல் அனாலிசிஸ்) படித்திருந்தால் தனி மதிப்பு. நான் வேலைக்குப் போய்க்கொண்டே மாலை வகுப்பில் பொருளளவியல் எடுத்தேன். மதிப்பெண் சான்றிதழோடு, பிற்பாடு பரிந்துரைக் கடிதம் எழுத ஓர் ஆசிரியரும் கிடைத்தார்.

கையைப் போட்டுப் பாருங்கள்

ஆராய்ச்சி அனுபவம் இல்லையே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். நான் அறுபது நிறுவனங்களின் மூன்று வருடத் தணிக்கை அறிக்கைகளை, மொத்தம் 180 கோப்பு, ஒவ்வொன்றாக இறக்கிப் பைத்தான் நிரல்மொழியில் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றரை மாத வார இறுதிகள் அதில் போயின. மாதிரி சிறியது, அதனால் முடிவு என்று எதையும் உரிமை கொண்டாடவில்லை. ஆனால் செய்யும்போது கற்றது நிறைய. சில கோப்புகள் வெறும் ஸ்கேன், அவற்றில் எழுத்தைப் பிரித்தெடுத்தால் பாதி குப்பையாக வரும். தணிக்கைத் தரமே கட்டாயமாக்கிய வாக்கியங்கள் எல்லா அறிக்கையிலும் இருப்பதால் ஒற்றுமை பொய்யாக உயரும், முதலில் அவற்றை நீக்க வேண்டும். "வரி", "செலவு" போன்ற சொற்களை, எழுத்தின் தொனியை அளக்கப் பயன்படும் பொது அகராதி எதிர்மறையாக எண்ணும், நிதி அறிக்கையில் அவை சாதாரணச் சொற்கள். இந்தச் சிக்கலைப் பற்றியே லக்ரன், மெக்டொனால்ட் இருவரும் 2011இல் எழுதிய கட்டுரை இருக்கிறது. பொது அகராதி எதிர்மறை என்று குறிக்கும் சொற்களில் கிட்டத்தட்ட முக்கால்வாசி நிதித் துறையில் எதிர்மறையே இல்லை என்று காட்டினார்கள். நானே தடுக்கி விழுந்தபின் அதைப் படித்ததால்தான் அதன் அருமை தெரிந்தது.

சொந்தக் கேள்விக்குத் தரவு கிடைக்கவில்லை என்றால் புகழ்பெற்ற பழைய ஆய்வு ஒன்றைச் சிறிய அளவில் திரும்பச் செய்து பாருங்கள். கணக்கியலில் பால், பிரவுன் இருவரும் 1968இல் 261 நிறுவனங்களை வைத்துச் செய்த ஆய்வு நல்ல தொடக்கம். லாபச் செய்தி வரும் முன்பே பங்கு விலை அதன் பக்கம் நகரத் தொடங்கிவிடுகிறது என்று காட்டியது அது. ஐம்பது நிறுவனங்களோடு செய்தால்கூட, நிதியாண்டு முடியும் மாதம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவது, சந்தையிலிருந்தே போய்விட்ட நிறுவனங்கள் தரவில் இல்லாதது என்று எத்தனையோ சிக்கல் பிடிபடும்.

இன்னும் வலுவாக வேண்டும் என்றால் பிரீடாக் என்று சொல்லப்படும் வேலைகள் உண்டு. ஒன்று அல்லது இரண்டு வருடம் ஒரு பேராசிரியரிடம் முழுநேர ஆய்வு உதவியாளராக இருப்பது. ஸ்டாட்டா, ஆர், பைத்தான் ஆகிய தரவுக் கருவிகளில் கை பழகும், உங்கள் வேலையை அன்றாடம் பார்த்த ஒருவரின் கடிதமும் கிடைக்கும். பட்டம் முடித்த கையோடு விண்ணப்பிக்கிறவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன்.

பரிந்துரைக் கடிதங்கள்

மூன்று கடிதம் கேட்பார்கள். முதல் வருடம் எனக்கு இரண்டு மேலதிகாரிகள் எழுதினார்கள். பாசமாகத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் நேரத்துக்கு வருவார், கடினமாக உழைப்பார் என்பது ஆராய்ச்சிக் குழுவுக்குப் புதிய தகவல் இல்லை. இரண்டாம் வருடம் அந்தப் பேராசிரியையும் பொருளளவியல் ஆசிரியரும் எழுதினார்கள். மூன்றாவதாக ஒரே ஒரு மேலதிகாரி. அவரிடம், ஒரு கணக்கீட்டை ஏற்காமல் நான் வாதாடிய சம்பவத்தைப் பற்றி எழுத முடியுமா என்று குறிப்பாகக் கேட்டேன்.

கேட்கும்போது "எனக்கு வலுவான கடிதம் எழுத முடியுமா?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால் நன்றி சொல்லி வேறு ஒருவரிடம் போகலாம், இருவருக்கும் சங்கடமில்லை. கடைசித் தேதிக்கு எட்டு வாரம் முன்பே அறிக்கையின் வரைவு, மதிப்பெண் பட்டியல், பள்ளிகளும் தேதிகளும் உள்ள ஒரே பக்கப் பட்டியல், உங்களை அவர் நேரில் கண்ட இரண்டு மூன்று தருணங்களின் நினைவூட்டல் ஆகியவற்றைக் கொடுங்கள். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று படிவம் கேட்டால் ஆம் என்று குறியுங்கள். இல்லாவிட்டால் படிப்பவர் அந்தக் கடிதத்தை முழுசாக நம்பமாட்டார்.

பள்ளிகளைத் தேர்ந்தெடுப்பது

தரவரிசைப் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டாம். எம்பிஏ தரவரிசைக்கும் ஒரு துறையின் ஆராய்ச்சி பலத்துக்கும் நேரான உறவு இல்லை. உங்களுக்குப் பிடித்த கட்டுரைகளின் ஆசிரியர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். எஸ்எஸ்ஆர்என் தளத்தில் அச்சுக்குப் போகாத வரைவுக் கட்டுரைகளும் கிடைக்கும், இன்று என்ன செய்கிறார்கள் என்று அவற்றிலிருந்துதான் தெரியும். உங்கள் பக்கம் வேலை செய்பவர் ஒருவர் மட்டும் உள்ள துறை ஆபத்து. அவர் வேறிடம் போனால் நீங்கள் தனியாக நிற்பீர்கள். அப்புறம், கடந்த ஐந்து வருடத்தில் பட்டம் பெற்றவர்கள் எங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள் என்று துறையின் பக்கத்தில் தேடுங்கள். என் ஒன்பதில் ஆறு பள்ளிகளை நான் பெயருக்காகத்தான் சேர்த்திருந்தேன். என் கேள்வியைப் பார்க்க அங்கே ஆளே இல்லை.

பேராசிரியர்களுக்கு முன்கூட்டி எழுத வேண்டுமா? பிரிட்டன் முறையில் பெரும்பாலும் ஆம். வட அமெரிக்காவில் குழுதான் முடிவு செய்யும், எழுதாமல் விட்டாலும் இழப்பில்லை. எழுதினால் ஆறு வரி, அவர் கட்டுரையைப் படித்ததால் எழுந்த உண்மையான ஒரு கேள்வி, அதோடு நிறுத்துங்கள். "எனக்கு இடம் கிடைக்குமா" என்று கேட்காதீர்கள்.

காலக்கணக்கு

கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி நடுவரை. அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால், தேர்வை ஆகஸ்டுக்குள் முடித்துவிட வேண்டும், வாசிப்பை அதற்கும் முன்பே தொடங்க வேண்டும். அறிக்கையின் முதல் வரைவு செப்டம்பரில் வரட்டும். என் இரண்டாம் வருட அறிக்கை பதினொரு முறை மாறியது. தற்குறிப்பு எளிய வேலை, ஒரு மாலையில் முடியும். வேலைப் பொறுப்புகளைச் சுருக்கி, ஆராய்ச்சியையும் மென்பொருள் திறனையும் மேலே கொண்டு வாருங்கள். எழுத்து மாதிரி கேட்டால் நீங்கள் தனியாக எழுதியதைக் கொடுங்கள்.

நேர்காணல்

ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரியிலும் வரும், முப்பது நிமிடக் காணொளி. உங்கள் கேள்வியை இரண்டு நிமிடத்தில் சொல்லவும் பத்து நிமிடத்தில் சொல்லவும் வாய்விட்டுப் பழகுங்கள். மனதுக்குள் சரளமாக ஓடுவது வாயில் வராது. என்னிடம் ஒருவர், "தொழில் மாறாததால் எழுத்து மாறாமல் இருக்கலாமே, எப்படிப் பிரிப்பீர்கள்?" என்றார். பங்குதாரர் மாற்றத்தைப் பற்றிச் சொன்னேன். உடனே, "புதிய பங்குதாரர் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டுமென்றே எழுத்தை மாற்றினால்?" என்றார். அதை நான் யோசித்ததே இல்லை. அப்படியே சொன்னேன். பிறகு சத்தமாக யோசித்தேன்: அவர் வந்த இரண்டாம் வருடமும் மூன்றாம் வருடமும் எழுத்து எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம், வெறும் தோற்றம் என்றால் உடனே உறைந்துவிடும். அவர் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். அந்தத் துறையில்தான் இப்போது இருக்கிறேன். இன்று அதே நேர்காணல்களில் மாணவர் தரப்பில் நானும் உட்காருகிறேன். மனப்பாடம் செய்த பதிலைவிட இப்படி நம் முன்னால் ஒருவர் யோசிப்பதைப் பார்க்கும்போதுதான் இவரோடு வேலை செய்யலாம் என்று தோன்றுகிறது.

அனுமதி வந்தபின்

பள்ளி உங்களை நேரில் வரச் சொன்னால் மூன்றாம் நான்காம் வருட மாணவர்களோடு தனியாகப் பேசுங்கள். உங்களோடு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள், பேராசிரியரோடு முதல் கட்டுரை எப்போது தொடங்கியது, ஐந்தாம் வருட உதவித்தொகை எழுத்தில் உறுதியா, வழிகாட்டி ஒரு வரைவைப் படித்துத் திருப்பித் தர எத்தனை நாள் ஆகிறது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் அதையும் கவனியுங்கள்.

அமெரிக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவை உதவித்தொகையோடு கூடிய அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் தருகின்றன. அதற்கு முன் முடிவெடுக்கச் சொல்லி யாராவது நெருக்கினால், பதறாமல் அந்தத் தேதியைப் பணிவாக நினைவூட்டலாம். ஆனால் உங்களுக்கு வேண்டாம் என்று தெரிந்துவிட்ட இடத்துக்கு அன்றே எழுதிவிடுங்கள். எனக்கு இந்த இடம் காத்திருப்புப் பட்டியலிலிருந்து ஏப்ரல் 12 அன்று கிடைத்தது. யாரோ ஒருவர் கடைசி நாள் வரை வைத்திருக்காமல் மூன்று நாள் முன்பே வேண்டாமென்று எழுதியிருக்கிறார்.